டாக்டரிடம் சொல்லாமல் விட்ட வரி

அத்தியாயம் 17

ஜோஸ்பின் மேல் கோபமாக இருக்கும் வாசகர்கள் இந்த வாரமும் கோபமாகவே இருந்துகொள்ளலாம். நான் குறுக்கே வர மாட்டேன். "தம்பி சாவுக்குக் காரணமானவளுக்கு இப்போது என்ன கண்ணீர் வேண்டிக் கிடக்கிறது?" என்று நத்தத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் நாலு வார்த்தை.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஒரு வீடு. அதில் மூன்று பேர். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் சிலுவைமுத்து. காது கேளாதோர் பள்ளியில் டீச்சராக இருக்கும் அவர் மகள் ஜோஸ்பின். மருமகள் லிடியா. லிடியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் கணவன், ஜோஸ்பினின் ஒரே தம்பி கிளெமென்ட்டுக்கும் அப்படித்தான். ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் போடுகிற வேலை அவனுக்கு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அந்தப் பக்கத்தில் அவன் கைவண்ணம்தான். எட்டு மாதத்துக்கு முன்பு, முப்பத்திரண்டு வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அவனுடைய அஞ்சலி பேனரை அவன் போட்டு வைத்திருந்த டிசைனிலேயே படத்தை மட்டும் மாற்றி அடித்தார்கள்.

அதற்குப் பதினெட்டு நாள் முன்னால் டாக்டர் கிதர் முகம்மதுவின் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிப்போயிருந்தார்கள். கூட ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றதால் ஜோஸ்பின் போனாள், லிடியா வெளியே உட்கார்ந்தாள். "விடியவே வேண்டாம் போல இருக்கு. நான் செத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று கிளெமென்ட் கையால் அக்காவிடம் சொன்னான். அக்கா டாக்டரிடம் சொன்னாள்: "சரியாத் தூக்கம் வரலைங்கிறான் டாக்டர்."

அந்த ஒரு வரியை விட்டுவிட்டாள்.

ஏன் என்று கேட்டால், கிளெமென்ட்டுக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் அரசு வேலை வரிசையில் வந்திருந்தது. மருத்துவச் சான்று கொடுக்க வேண்டிய நேரம். "அவன் என்னத்தச் சொன்னாலும் டாக்டர் சீட்டுல அந்த மாதிரி எதுவும் ஏறிறக் கூடாது தாயி. தூக்கம் வரலைன்னு மட்டும் சொல்லு" என்று காலையிலேயே அப்பா வாசலில் வைத்துச் சொல்லி அனுப்பியிருந்தார். வேலை உத்தரவு வந்தது. கிளெமென்ட்டின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் தபாலில் வந்தது.

அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. போன வாரம் மருந்துக்கடையில் டாக்டர் கிதர் முகம்மது எதிர்ப்பட்டு, "தம்பி இப்ப நல்லாத் தூங்குறாராம்மா?" என்று கேட்டதும், விஷயமே தெரியாத அந்த மனிதரிடம் ஜோஸ்பின், "தூங்குறான் டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே வந்து அழுததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி சனிக்கிழமை.

ஜோஸ்பின் இட்லித் தட்டைக் கீழே வைப்பதற்குள் லிடியா அந்தக் காகிதத்தை மேசையில் விரித்துவிட்டாள். டாக்டர் கிதர் முகம்மது மேல் கொடுக்கப்போகும் மனு. அவளே எழுதியது. கையில் பேசும் வரிசையிலேயே எழுத்திலும் சொற்கள் நின்றன. "என் கணவர் சாக வேண்டும் சொன்னது. டாக்டர் கேட்டு. டீ வேண்டாம் சொன்னது." நல்ல தமிழில் மாற்றி எழுதித் தரச் சொல்லி ஜோஸ்பினிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. அவள் அதைக் கொடுத்த அன்றைக்குத்தான் ஜோஸ்பினுக்கே தெரிந்தது, கிளினிக் கதவின் கண்ணாடி வழியாகத் தம்பி சொன்னதையெல்லாம் லிடியா பார்த்திருக்கிறாள் என்று. நீ பார்த்தாயா என்று அதுவரை லிடியாவிடம் யாரும் கேட்கவில்லை.

லிடியா கையால் பேசுவதை நான் வாய்ப்பேச்சு போலவே எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். இன்னைக்குள்ள எழுதித் தந்துருங்க அக்கா. முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"எழுதுறேன்" என்றாள் ஜோஸ்பின், கையால்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

சிலுவைமுத்து பேப்பரை மடித்துவிட்டு, "என்னவாம்?" என்றார்.

"மனு கேக்குது."

"எதையாவது சொல்லித் தள்ளிப் போடும்மா."

"இன்னும் எத்தனை நாளைக்குப்பா? அந்த மனுசரை நிக்க வச்சுக் கேள்வி கேப்பாங்க. நான் சொல்லாததை அவரு எப்படிக் கேட்டிருப்பாரு?"

"மெதுவாப் பேசு" என்றார் அவர். சொன்ன பிறகுதான், யாருக்காக மெதுவாகப் பேசுவது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். லிடியா இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் முப்பது வருடமாக இப்படித்தான். காது கேட்காதவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லா ரகசியமும் பேசிவிடுவார்கள்.

"சொல்லிட்டோம்னா இந்தப் புள்ள வடமதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போயிரும் தாயி. அவங்க அம்மா எப்ப வருவா எப்ப வருவான்னு நிக்குது. இதுவும் போயிருச்சுன்னா இந்த வீட்டுல என்னா இருக்கு நமக்கு?"

ஜோஸ்பினுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா? தினமும் இருந்தது. அப்பாவுக்குக் கிளெமென்ட் வைத்த சைகைப் பெயர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது. அக்காவுக்கு வைத்தது, பின்னலைப் பிடித்து இழுப்பது. அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட இப்போது லிடியா ஒருத்திதான் மிச்சம். அவள் கை அசைகிற மாதிரி அசைய வேறு கை கிடையாது. கிளெமென்ட்டும் அவளும் கையால் பேசுவதை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டவர்கள்.

லிடியா திரும்பிப் பார்த்தாள். "மாமா என்ன சொல்றாரு?"

"சாப்பாட்டைப் பத்திக் கேட்டாரு."

"அம்புட்டு நேரமா?" லிடியா மூக்கைச் சுருக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்கு ஒண்ணும் வெளங்காது. என் வீட்டுக்காரரா இருந்தா உங்க வாயைப் பாத்தே பிடிச்சிருப்பாரு. வேற யாரு வாயும் புரியாது, அக்கா வாய் மட்டும் எனக்கு அத்துபடின்னு பெருமை பேசுவாரு."

ஜோஸ்பின் இட்லியை எடுத்து வைத்தாள். லிடியா உட்கார்ந்தாள்.

"மத்தியானம் அந்தப் பயிற்சிக் கூட்டத்துல பொட்டலச் சோறுதான் போடுவாங்க. இந்தப் புள்ளைக்கு ஒத்துக்காது. சோறு, கொழம்பு, வெஞ்சனம்னு நான் கொண்டாரேன்" என்றார் சிலுவைமுத்து. பிறகு மருமகளைப் பார்த்து விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். சாப்பிடு. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய மனிதர், பெற்ற மகனோடு பேசக் கற்றுக்கொண்டது மொத்தம் நாலு சைகை. சாப்பிடு, வா, தூங்கு, போதும். மகன் போன பிறகு ஐந்தாவதாக ஒன்று கற்றுக்கொண்டாரா என்றால், அதுவும் இல்லை.

பழனி ரோட்டில் ஒரு மாடி ஹாலில் கூட்டம். மதுரையிலிருந்து வந்திருந்த மனநல டாக்டர் ஆனந்தி ஆறு மாதமாக ஒரு பயிற்சியைத் தயார் செய்துகொண்டிருந்தார். காது கேளாதவர்களோடு வேலை பார்க்கிற நர்ஸ், டீச்சர், போலீஸ், மொழிபெயர்ப்பாளர் எல்லாருக்கும் இரண்டு நாள் பயிற்சி. மனசு உடைந்த ஒருவர் உங்கள் முன்னால் வந்து கையால் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். கையேட்டில் பாதிப் பக்கம் ஜோஸ்பின் எழுதியது. சரிபார்த்தது லிடியாவும் அவள் நண்பர்கள் மூன்று பேரும். அன்றைக்கு முதல் ஒத்திகை. இருபது பேர் வந்திருந்தார்கள்.

ஜோஸ்பினின் வேலை லிடியாவின் கைக்குக் குரல் கொடுப்பது, மற்றவர்கள் பேசுவதை லிடியாவுக்குக் கையால் சொல்வது. லிடியா 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கை வலித்தால் மாற்றிக்கொள்ள ராயப்பராஜ் என்ற இன்னொரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, லிடியா எழுந்துவிட்டாள்.

"மூணாம் பக்கம் யாரு எழுதுனது?"

"நான்தான். ஏன்?" என்றார் ஆனந்தி.

"யாரோடும் பேசாமல் ஒதுங்கி இருந்தால் கவனிக்கவும்னு போட்டிருக்கீங்க. நாங்க வீட்டுல வருசம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் அப்படித்தான் இருக்கோம். ஒருத்தருக்கும் சைன் தெரியாது. யாரோட பேச? இதைப் படிச்சா எங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் மாத்திரை குடுத்துருவாங்க."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஆனந்தியும் சிரித்துவிட்டு, "அப்ப என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

லிடியா கையேட்டைக் கீழே வைத்தாள்.

"கை சின்னதாயிரும்னு எழுதுங்க. நல்லா இருக்கும்போது நெஞ்சுக்கு நேரா, பெருசாப் பேசுவோம். மனசு ஒடிஞ்சா கை கீழ இறங்கிரும். விரல் மட்டும் லேசா அசையும். அப்புறம் தூக்கவே தோணாது. மடியில கெடக்கும்."

ஜோஸ்பின் அதைக் குரலில் சொல்லி முடித்தாள். ஆனந்தி மூணாம் பக்கத்தில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய வரியை எழுதினார். இத்தனை வருடம் படித்த படிப்பில் இது இல்லையே என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகு ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமச் செவிலியர் புவனேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"ஏனுங்க மேடம், அஞ்சாம் பக்கத்துல வீட்டு ஆளுங்களை மொழிபெயர்க்க விடாதீங்கன்னு போட்டிருக்குதுங்க. எங்க பக்கமெல்லாம் கூட வர்றது அக்காவோ அம்மாவோதானுங்க. அவங்களையும் வேண்டாம்னா நாங்க யாருகிட்டங்க கேக்கறது? பாசமா இருக்கறவங்க மாத்தியா சொல்லிருவாங்க?"

அஞ்சாம் பக்கம் ஜோஸ்பின் எழுதியது. "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று ஆனந்தி அவளிடம் விட்டார்.

"பாசம் இருக்குறதுனாலதான் சிஸ்டர்..." ஜோஸ்பின் நிறுத்தினாள். "சில வார்த்தை வாய்ல வராது." அதோடு கையேட்டை மூடிவிட்டாள்.

"சரி, செஞ்சே பாத்துருவோம்" என்றார் ஆனந்தி.

மூன்று நாற்காலி போட்டார்கள். ஒன்றில் நோயாளியாக லிடியா. ஒன்றில் டாக்டராகப் புவனேஸ்வரி. நடுவில் ஜோஸ்பின். டாக்டராக இருப்பவர் காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். ராயப்பராஜ் தள்ளி உட்கார்ந்து கை சொன்னதை மட்டும் எழுத வேண்டும். கடைசியில் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நடுவில் எது காணாமல் போனது என்று தெரிந்துவிடும். அதுதான் பயிற்சி.

ஆனந்தி ஒரு அட்டையைக் கொடுத்தார். தலைவலி, பசியின்மை என்று ஒரு கற்பனை நோயாளியின் கதை. லிடியா அதை வாங்கிப் படிக்காமலே கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"எனக்குக் கதை வேண்டாம். நான் பாத்ததைச் செய்றேன்."

லிடியாவின் கை பேச ஆரம்பித்தது. ஜோஸ்பின் குரல் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுத்தாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரரை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். நான் வெளிய உக்காந்திருந்தேன். கதவுல மேல் பாதி கண்ணாடி. கதவைச் சாத்துனா உங்களுக்குப் பேச்சு கேக்காது. எங்களுக்குக் கண்ணாடி இருந்தாப் போதும். அவர் பேசுனதை ஒண்ணு விடாமப் பாத்தேன்."

லிடியா நாற்காலியில் சற்றுச் சரிந்து உட்கார்ந்தாள். தோள் தொங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஐயோ, அப்படியே கிளெமென்ட். கை மடியை விட்டு அரை சாண் உயரம்தான் எழுந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன.

அந்த வரி.

கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பதினாறு வருடம் காது கேளாதவர்களுக்காகப் பேசியவள் ஜோஸ்பின்.  ஆனந்தி காத்திருந்தார். புவனேஸ்வரி பேனாவோடு காத்திருந்தாள். லிடியா, கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை செய்து காட்டினாள்.

"விடியவே வேண்டாம் போல இருக்கு" என்றாள் ஜோஸ்பின். "நான் செத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

அந்த வார்த்தைகள் குரலாக வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

புவனேஸ்வரி எழுதவில்லை. பேனாவைக் கீழே போட்டாள். இது ஒத்திகை என்பதையே மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து லிடியாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாக் கண்ணு இப்படித் தோணுது? தனியா விடமாட்டேனுங்க. பெரிய டாக்டரம்மாவை இப்பவே வரச் சொல்றேன். அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்."

ஜோஸ்பின் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவுதானா? அந்த வரியைச் சொல்லியிருந்தால் நடந்திருக்கக்கூடியது இவ்வளவுதானா? எங்கேயோ கிராமத்தில் ஊசி போடுகிற ஒரு பெண், காதில் விழுந்த அடுத்த நொடி ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள். கிதர் முகம்மது பிடித்திருக்க மாட்டாரா? தம்பி கையை யாராவது இப்படிப் பிடித்திருக்க மாட்டார்களா? வேலையாம், சான்றிதழாம். மண்ணாங்கட்டி.

லிடியா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"இல்லை, இல்லை. அந்த டாக்டர் இப்படிச் செய்யல. நீங்க நாற்காலிலயே உக்காருங்க. சீட்டை எழுதுங்க. ராத்திரி டீ குடிக்காதீங்கன்னு சொல்லுங்க. அவரு அதான் சொன்னாரு. அக்கா திரும்பி என் வீட்டுக்காரருக்குக் கையில சொன்னப்ப அதைப் பாத்தேன். சாகணும்னு சொன்ன மனுசன்கிட்ட டீ குடிக்காதேன்னு சொன்ன ஆளு."

ஜோஸ்பின் அதையும் குரலில் சொன்னாள். ஹால் கொந்தளித்துவிட்டது. "சே, அவனெல்லாம் டாக்டரா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். புவனேஸ்வரிக்குக் கண் கலங்கியிருந்தது. "யாருங்க அந்த டாக்டர்? பேரைச் சொல்லுங்க. எங்க பக்கத்து ஆளுங்க யாரையும் அங்க அனுப்ப மாட்டேன்" என்றாள்.

லிடியா பெயரை விரலில் எழுத்து எழுத்தாகக் காட்டினாள். காட்டிவிட்டு ஜோஸ்பினின் வாயைப் பார்த்தாள். இருபது பேரும் பார்த்தார்கள்.

ஜோஸ்பின் எழுந்தாள். ராயப்பராஜைப் பார்த்து, எனக்கு நீங்கள் குரல் கொடுங்கள் என்று காட்டிவிட்டு, லிடியாவுக்கு நேராகத் தரையில் மண்டியிட்டாள். இதை மற்றவர்கள் காதில் விழுந்த பிறகு லிடியா தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் அவளுக்குத்தான் தெரிய வேண்டும். அந்த அளவுக்காவது அவளுக்குப் புத்தி இருந்தது.

கை ஆரம்பித்தது. ராயப்பராஜின் குரல் பின்னாலேயே வந்தது.

"அந்த டாக்டருக்குத் தெரியாது லிடியா. நான் அவர்கிட்ட சொல்லல."

ராயப்பராஜ் இதுவும் ஒத்திகை என்றே நினைத்துச் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த வாக்கியத்தில் அவர் குரல் மாறிவிட்டது.

"தூக்கம் வரலைன்னு மட்டும்தான் சொன்னேன். டீயைக் குறைக்கச் சொன்னது அதுக்குத்தான். சாகணும்னு அவன் சொன்னதை நான் முழுங்கிட்டேன். சீட்டுல ஏறுனா வேலை போயிரும்னு பயந்தேன். எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாரு. ஆனா அந்த ரூமுக்குள்ள அப்பா இல்லை. நான்தான் இருந்தேன். நான்தான் லிடியா."

சிலுவைமுத்து அப்போது வாசலில் நின்றார். சாப்பாட்டுக் கேரியரோடு மாடி ஏறி வந்தவர், யாரோ ஒரு ஆம்பிளைக் குரலில் தன் வீட்டு ரகசியம் வெளியே வருவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். மகளைப் பார்த்தார். மகள் வாய் அசையவில்லை. கைதான் அசைந்துகொண்டிருந்தது. செத்த நேரம் பொறுத்துத்தான் அவருக்கு விளங்கியது.

"டீச்சரைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் யாரையோ பார்த்து. "நான் சொல்லித்தான் எம்மக அப்படிச் சொல்லுச்சு. பாவி நான்தான்."

லிடியா அவரைப் பார்க்கவில்லை. அவள் கண் ஜோஸ்பினின் கையை விட்டு நகரவில்லை. பெரியவர் உள்ளே வந்து மருமகளின் முன்னால் நின்றார். மகளைப் பார்த்துக் குனிந்து, "மன்னிச்சிரும்மான்னு எப்படிச் சொல்றது? கையை எப்படி வைக்கணும்? காமி தாயி" என்றார்.

ஜோஸ்பினுக்குக் கை எழவில்லை.

அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். சாப்பிடு. கண்ணீர் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வழிந்தது. மறுபடியும் விரல்களைக் குவித்தார். சாப்பிடு. சாப்பிடும்மா. ஆனந்தி வந்து அவர் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

லிடியா பையைத் திறந்து மனுவை எடுத்தாள். புவனேஸ்வரி கீழே போட்ட பேனாவைக் குனிந்து எடுத்தாள். டாக்டர் கிதர் முகம்மது என்று எழுதியிருந்த இடத்தை அழுத்தி அடித்தாள். மேலே வேறு பெயர் எழுதவில்லை. காகிதத்தை நாலாக மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள்.

வடமதுரை பஸ்ஸுக்குத்தான் என்று ஜோஸ்பினுக்குத் தோன்றியது. போகட்டும், திட்டிவிட்டாவது போயிருக்கலாமே என்றும் தோன்றியது.

லிடியா போகவில்லை. வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்கிறவள் போலிருந்தாள்.

"டாக்டர்கிட்ட பேசும்போது நீங்க கதவுக்கு முதுகு காட்டி நின்னீங்க. உங்க வாய் எனக்குத் தெரியல." அவள் கை மிகவும் சின்னதாகப் பேசியது. "என் வீட்டுக்காரரு உங்களுக்கு எதிர்ல உக்காந்திருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சுதா?"

எட்டு மாதமாக ஜோஸ்பின் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அப்பாவிடமும் சொன்னதில்லை. சர்ச்சில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அந்த அறையில் கிளெமென்ட் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை அசைத்து அவள்தானே கற்றுக்கொடுத்தாள்? தூக்கம் வரலைங்கிறான் டாக்டர். அவள் சொல்லி முடித்ததும் அவன் மறுபடி சொல்லிப் பார்க்கவில்லை. சண்டை போடவில்லை. அக்கா முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். ஆட்டோவில் வரும்போது, "எல்லாம் சரியாயிரும்னு டாக்டர் சொன்னாரு" என்று அவள் சொன்னதற்கு, "சரி" என்றான். அதற்குப் பிறகு பதினெட்டு நாளும் அவன் அவளிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

ஜோஸ்பின் கையைத் தூக்கினாள்.

"பாத்தான்."

அது லிடியாவுக்கு மட்டும் என்பதுபோல் ராயப்பராஜ் குரல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். 

"நான் சொல்லாம விட்டது அவனுக்குத் தெரியும் லிடியா. அங்கயே தெரிஞ்சிருச்சு."

லிடியா அவளையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்கள் சண்டையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நாம் பின்னாலிருந்து சொல்வது அவர்கள் காதில் விழும். கெஞ்சலாம், கத்தலாம். லிடியா கண்ணை மூடிவிட்டால் அவளிடம் சொல்ல ஒரு வழியும் கிடையாது. அது ஜோஸ்பினுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் கை நிற்கவில்லை. நெஞ்சுக்கு நேரே, பெரிதாக, லிடியா, லிடியா, என்னைப் பாரு, தம்பிகிட்டத்தான் மன்னிப்புக் கேக்க முடியாது, உன்கிட்டயாவது கேக்குறேன், ஒரு தடவை பாரு என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

ஹாலில் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். லிடியா கண்ணைத் திறக்கவில்லை.